இருபத்தேழாம் குழாய்

ஜனவரி 3, செவ்வாய்

பதினான்காவது தட்டு. தொண்ணூற்றாறு குழிகளும் மஞ்சள்.

என் ஆய்வு வழிகாட்டி ஃபிலோமினா மேடம் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அழகா இருக்கு. மஞ்சக்காமாலைக்கு டெஸ்ட் கண்டுபிடிச்சிருக்கியா, சங்கவி?"

நான் சிரித்தேன். பக்கத்து மேசை அர்ஷத் என்னைவிட அதிகமாகச் சிரித்தான். அவன் ஆய்வு ஆட்டு இரத்தத்தில். ஆட்டு இரத்தம் ஒழுங்காக நடந்துகொள்கிறது.

இந்த நோட்டை வாங்கிய காரணத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். பிப்ரவரி 28 அன்று ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் என் சோதனை 'உண்டு', 'இல்லை' என்று இரண்டு சொற்களையும் பேசக் கற்றிருக்க வேண்டும். இப்போதைக்கு அதற்கு 'உண்டு' மட்டும்தான் தெரியும். கற்காவிட்டால் ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து 'பால்' போய் 'இரத்தம்' வரும். இரண்டு வருட வேலை குப்பைக்கூடைக்கு.

செய்வது இதுதான். கோமாரி வைரஸின் மேலுறைப் புரதம் ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் வளர்த்தெடுத்துக் குழிகளின் அடியில் பூசுகிறேன். தடுப்பூசி போட்ட மாட்டின் உடல் அந்தப் புரதத்தை நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை கண்டால் பிடித்துக்கொள்ள எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கும். அது இரத்தத்தில் ஓடும். கொஞ்சம் பாலிலும் இறங்கும். பாலைக் குழியில் விட்டால் எதிர்ப்பொருள் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பற்றிய இடத்தில் மஞ்சள் வரும்.

ஆனால் பால் ஒட்டும் இயல்புள்ளது. சும்மாவும் ஒட்டிக்கொண்டு மஞ்சள் காட்டும். ஒவ்வொரு மாட்டின் பாலும் அதனதன் அளவுக்கு. எனவே மஞ்சளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஒட்டல் என்று எனக்குத் தெரியாது.

ஏன் பால் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஊசி வேண்டாம், மாட்டைக் கட்டிப் பிடிக்க வேண்டாம், கறக்கிற கை போதும் என்று சொல்வேன். நல்ல பதில். விண்ணப்பத்திலும் அதைத்தான் எழுதினேன்.

ஜனவரி 5, வியாழன்

எதிர்ப்பொருளே இல்லாத ஒரு பால் வேண்டும். அது வந்தால் அதற்கு மேலே ஒரு கோடு போடலாம். கோட்டுக்கு மேல் 'உண்டு', கீழ் 'இல்லை'.

கன்றுக்கு நான்கு மாதத்திலேயே முதல் ஊசி போடுகிறார்கள். பால் கறக்கும் வயதுக்கு வருவதற்குள் ஐந்தாறு ஊசி ஆகிவிடுகிறது. கடையில் பாக்கெட் பால் வாங்கிப் பார்த்தேன். அதிலும் மஞ்சள், பால் பண்ணையில் காட்டும் சூட்டுக்கு எதிர்ப்பொருள் அசைந்துகொடுப்பதில்லை. பால்பொடி கரைத்துப் பார்த்தேன். அது வேறு ஜாதிப் பால். ஒட்டுவதே வேறு மாதிரி.

மேடம் சொன்னார்: "ஊசியே பாக்காத கறவ மாடு ஒண்ணு கொண்டு வா. அவ்வளவுதான்."

எல்லக்காட்டுவலசுப் பகுதியின் கால்நடை ஆய்வாளர் சென்னியப்பனுக்கு போன் செய்து கேட்டேன்.

"அப்படி ஒரு மாடு என்ற ஏரியாவுல இருந்துதுன்னா என்ற வேலை போயிருமுங்க மேடம்."

"எல்லா மாட்டுக்கும் போட்டாச்சுங்களா?"

"நூத்துக்கு நூறுங்க. ரெஜிஸ்டர் பாருங்க."

சரி. நாற்பது மாடுகளின் பாலை வாங்கிப் பார்ப்பது. நாற்பதில் எது குறைவோ அதைப் பிடித்துக்கொள்வது. வேறு யோசனை இல்லை.

ஜனவரி 9, திங்கள்

எல்லக்காட்டுவலசு. பேருந்தில் இரண்டு மணி நேரம். பால் சொசைட்டி வாசலில் சென்னியப்பனிடம் நாற்பது குழாய்களைக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் எண் ஒட்டி, கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'காலைக் கறவையில் இந்தக் குழாய் நிறையப் பால் கொடுத்து உதவவும்.' அவர் வீடு வீடாகக் கொடுத்து, நாளை காலை வாங்கி, ஐஸ் பெட்டியில் பேருந்து ஏற்றிவிடுவார்.

"ஊருக்குள்ள வரலீங்களா? மாடுகளப் பாக்கலாமே."

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க."

பேருந்து அரை மணி நேரம் கழித்து வந்தது.

ஜனவரி 11, புதன்

முதலில் எழுத வேண்டியதை முதலில் எழுதுகிறேன். 27.

முப்பத்தொன்பது மாட்டின் பால் மஞ்சள். ஒன்று கிட்டத்தட்ட தண்ணீர்.

காலையில் பாலைச் சுழற்றிப் பிரித்தபோதே அந்தக் குழாய் வேறு மாதிரி. மற்றவற்றில் மேலே தடித்த கொழுப்பு. 27இல் ஏடே இல்லை. மெலிந்த மாடோ என்னவோ. திறந்தபோது எங்கள் வீட்டுக் காலை நேர வாசனை வந்தது. வீட்டு ஞாபகமாக இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போவதில்லை என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அர்ஷத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பால் ஊத்த மறந்திருப்பே."

மூன்று குழிகளில் ஊற்றியிருந்தேன். மூன்றும் தண்ணீர்.

அந்த மூன்று குழிகளையும் போனில் படமெடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 12, வியாழன்

திரும்பச் செய்தேன். அதே.

சென்னியப்பன் பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பினார். 27: உரிமையாளர் மயிலாத்தாள். மாட்டின் பெயர் சிட்டு. ஜெர்சிக் கலப்பு. ஐந்து வயது. தடுப்பூசி எட்டு முறை, தேதியோடு.

எட்டு முறை வைரஸின் புரதத்தை இவளுக்குக் காட்டியிருக்கிறார்கள். எட்டு முறையும் இவள் உடல் பார்க்காததுபோல் இருந்திருக்கிறது.

நான் ஒரு கோடு போடுவதற்குப் பால் தேடினேன். கிடைத்திருப்பது கோடு அல்ல. இப்படி ஒரு மாடு. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் கண்டுகொள்ளாத உடல். ஏன்? அதன் எந்த மரபணுவில் என்ன இல்லை? ஆய்வேடு ஒன்றல்ல, நாலு எழுதலாம்.

மேடம் முழுவதும் கேட்டார். பிறகு: "மொத்த ஆன்டிபாடி பாத்தியா? அந்தப் பால்ல எதுக்காவது ஏதாவது ஆன்டிபாடி இருக்கான்னு?"

"அந்தக் கிட் தீந்துடுச்சு மேடம். ஆர்டர் போடறேன்."

"அது வரைக்கும் சந்தோஷத்தக் கொஞ்சம் ஃபிரிட்ஜ்ல வெச்சுக்கோ."

மாலை: என் மேசையில் எறும்பு. 27ஆம் குழாயின் மூடியைச் சுற்றி மட்டும் ஒரு வளையம். ஆய்வகத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 16, திங்கள்

மாட்டுப் பொங்கல். விடுதி காலி. மெஸ் மூடல். பிஸ்கட். சிட்டுவின் கொம்புக்கு என்ன வண்ணம் அடித்திருப்பார்கள் என்று யோசித்தேன்.

ஜனவரி 19, வியாழன்

27இலிருந்து இரண்டாவது முறை வாங்கிய பால். தண்ணீர்.

இனி ஒரே வழிதான். சிட்டுவுக்கு நம் கண் முன்னால் ஊசி போட்டு, இருபத்தோராம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் பாலைப் பார்ப்பது. மாமூல் தடுப்பூசிச் சுற்று அடுத்த வாரம் அந்த ஊருக்கு வருகிறது.

"சென்னியப்பன் போடட்டும் மேடம். நான் நின்னு பாக்கறேன்."

"வேண்டாம். நீயே போடு. ரெஜிஸ்டர்ல இருக்கறது ரெஜிஸ்டர்ல. மருந்து குளிர்ச்சியா இருந்துச்சா, முழு டோஸும் உள்ள போச்சான்னு நீ கையெழுத்துப் போட முடியணும்." கண்ணாடியைக் கழற்றினார். "கடைசியா எப்ப ஊசி பிடிச்சே?"

பயிற்சிக் காலத்தில் என்றேன். இரண்டு வருடம் ஆகிறது.

"நெட்டக்காட்டுலயா?"

பதில் சொல்வதற்குள் யாரோ மேடத்தைக் கூப்பிட்டார்கள்.

நெட்டக்காடு பற்றி இதில் எழுதப்போவதில்லை.

ஜனவரி 23, திங்கள்

பையில்: சிரிஞ்சுகள், பஞ்சு, ஐஸ் பெட்டி, பதிவுத்தாள், கடிகாரம். தடுப்பூசி ஒத்துக்கொள்ளாமல் மாடு விழுந்தால் உடனே போட அட்ரினலின் இரண்டு குப்பி, வெளி ஜிப்பில். இன்னும் இரண்டு, சட்டைப் பையில்.

ஜனவரி 24, செவ்வாய்

பேருந்து வழியில் பஞ்சராகி, எல்லக்காட்டுவலசு போய்ச் சேர பத்தரை. சென்னியப்பன் பைக்கில் கூட்டிப்போனார். சோளக்காட்டுக்கு நடுவில் ஓட்டு வீடு, பக்கத்தில் தகரக் கொட்டகை. அதில் சிட்டு. செம்பழுப்பு, நெற்றியில் வெள்ளை. மெலிந்த மாடு இல்லை. கொழுகொழுவென்று இருந்தாள்.

மயிலாத்தாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் அரிவாளோடு வந்தார்.

"வாங்க கண்ணு. நீங்கதான் பால் கேட்டு விட்டவிங்களா? சின்னப் புள்ளையா இருக்கறீங்க." உள்ளே போய்க் குழாயைக் கொண்டுவந்தார். "இன்னைக்கும் கேப்பீங்கன்னு சென்னியப்பண்ணன் சொல்லுச்சு. காலைலயே எடுத்து வெச்சுட்டனுங். ஆறிப்போச்சு."

"ஆறினா நல்லதுதாங்க. ஐஸ்லதான வெக்கப்போறோம்."

அவர் அதைக் கேட்டு ஒரு மாதிரி பார்த்தார்.

"எங்க சிட்டு பால மட்டும் எதுக்குங் திரும்பத் திரும்பக் கேக்கறீங்க?"

சொன்னேன். எட்டு ஊசிக்கும் இவள் உடம்பு பதில் சொல்லவில்லை. இப்படி ஒரு மாட்டைப் பார்ப்பது அபூர்வம். இதைப் பற்றி எழுதினால் வெளிநாட்டிலும் படிப்பார்கள். நிறையப் பேசினேன். குரல் எனக்கே வேகமாகக் கேட்டது.

"அவ எங்கங் பதில் சொல்லுவா. உதைக்கத்தான் தெரியும்" என்றார் மயிலாத்தாள். ஆனால் சிரிக்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் பொங்கியண்ணன் கேட்டார்: "அப்ப நாளைக்குக் கோமாரி வந்துதுன்னா இது தாங்காதுங்களா?"

"சொல்ல முடியாதுங்க."

"போன தடவ கோமாரில ரெண்டு உருப்படி போச்சுங்க எங்களுக்கு."

நான் சிரிஞ்சில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டேன், மனதில் பதியவில்லை.

கழுத்தின் பக்கவாட்டில், இரண்டு மில்லி. மயிலாத்தாள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல" என்றார். மாட்டிடம். நேரம் 10.52.

அதற்குப் பிறகு நான் கிளம்பவில்லை. கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து சிட்டுவின் கண் இமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்குகிறதா. வாயில் நுரை வருகிறதா.

"நான் ஒரு நாளைக்கு நூத்தம்பது போடறனுங்க" என்றார் சென்னியப்பன். "ஒவ்வொண்ணுக்கும் இப்படிக் காவலிருந்தா என்ற புள்ள கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாதுங்க மேடம்."

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

இருபது நிமிடம். நெட்டக்காட்டில் நான் ஊசி போட்ட மாட்டுக்கு இருபதாவது நிமிடம்தான் முன்னங்கால் மடங்கியது. தடுப்பூசியில் இருந்த ஏதோ ஒரு புரதத்தை அந்த உடல் அளவுக்கு மீறி வெறுத்தது. ஆயிரத்தில் ஒன்று என்பார்கள், இலட்சத்தில் ஒன்று என்றும் சொல்வார்கள். அட்ரினலின் ஜீப்பில் இருந்தது. ஜீப் ஊரின் மறுகோடியில்.

11.12. சிட்டு தலையை உதறிக்கொண்டு பலமாக இருமினாள். நான் எழுந்த வேகத்தில் வாளி உருண்டது. குப்பியை எப்போது உடைத்தேன் என்று தெரியவில்லை. சிரிஞ்சு கையில் இருந்தது.

மயிலாத்தாள் என் மணிக்கட்டைப் பிடித்தார். "தவுடு பொறையேறிப்போச்சு கண்ணு. தண்ணி வெச்சா சரியாப் போயிரும்."

வைத்தார். சரியாகப் போயிற்று.

ஒரு மணி வரை இருந்தேன். சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டேன். நெட்டக்காட்டில் மாடு விழுந்து எழாமல் கிடந்தபோது, அந்த வீட்டுப் பெண்மணி ஒரு சொம்பில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்காமல் ஜீப்பில் ஏறினேன்.

எழுதப்போவதில்லை என்று சொல்லியிருந்தேன்.

ஜனவரி 25, புதன்

நேற்று வாங்கிய, ஊசிக்கு முந்தைய பால்: தண்ணீர். இப்போது முறையாக ஒரு தொடக்கம் இருக்கிறது.

பிப்ரவரி 6, திங்கள்

மொத்த எதிர்ப்பொருள் கிட் வந்துவிட்டது. பெட்டியை ஃபிரிட்ஜில் வைத்தேன்.

பிப்ரவரி 15, புதன்

இருபத்தோராம் நாள் பால் நேற்று பேருந்தில் வந்தது. இன்று தட்டில்.

தண்ணீர்.

ஒன்பதாவது ஊசி. என் கையால். குளிர்ச்சி சரி, அளவு சரி, நேரம் சரி. அப்படியும் தண்ணீர்.

மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கினேன். அர்ஷத் கேன்டீனில் எனக்கு மட்டும் இல்லாமல் அங்கே இருந்த எல்லாருக்கும் டீ வாங்கினான். "டாக்டர் மஞ்சள் இனிமே டாக்டர் வெள்ளை" என்றான்.

மேடம் பெங்களூரில் பயிற்சி வகுப்பில் இருக்கிறார். படம் அனுப்பினேன். பதில் ஒரே சொல்: "கிட்?"

நாளை.

பிப்ரவரி 17, வெள்ளி

கட்டுரைக்குத் தலைப்பு மூன்று முறை மாற்றினேன். கிட் பெட்டியின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கவில்லை.

பிப்ரவரி 20, திங்கள்

மேடம் வந்துவிட்டார். பெட்டியைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். கோபப்படவில்லை.

"பயமா இருக்கா?"

"எதுக்கு மேடம் பயம்?"

"நாளைக்கு இருபத்தெட்டாம் நாள். பால அனுப்பச் சொல்லாதே. மடியிலருந்து குழாய்க்கு இறங்கறத நீ நின்னு பாரு."

பிப்ரவரி 21, செவ்வாய்

நேற்று மாலையே கிளம்பிச் சென்னியப்பன் வீட்டில் தங்கினேன். காலை ஐந்தரைக்குச் சிட்டுவின் கொட்டகையில் இருந்தேன்.

மயிலாத்தாள் மடியைக் கழுவினார். விரலில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு கறந்தார். செம்பு நிறைந்தது. முக்கால்வாசியைச் சொசைட்டிக் கேனில் ஊற்றினார். மீதியோடும் என் குழாயோடும் எழுந்து வீட்டுக்குள் போனார்.

"எங்கங்க போறீங்க?"

"இருங்க கண்ணு. அடுப்பு பத்தித்தான் இருக்குது. ஒரு நிமிசத்துல கொதிச்சுரும்."

எனக்குப் புரியவில்லை. இல்லை, புரிந்தது.

சமையலறை வாசலில் நின்றேன். அடுப்பில் ஒரு சின்ன வட்டில். பால் பொங்கி வந்தது. இறக்கினார். கரண்டியால் ஆடையை ஒதுக்கினார்.

"குழாய் வாய் சின்னதுங்க. ஆடை அடைச்சுக்குது. அதான் எடுத்துப்போடறது." ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டுக் கலக்கினார்.

"எப்பவும் இப்படித்தான் குடுத்தீங்களா? முதல் தடவையிலருந்து?"

"ஆமாங்."

"ஏனுங்க? சொசைட்டிக்குப் பச்சையாத்தானே ஊத்தறீங்க?"

இவ்வளவு எளிய விஷயம் படித்த பெண்ணுக்குத் தெரியவில்லையே என்பதுபோல் பார்த்தார். "சொசைட்டிக்கு விக்கறது வேறைங்க. கேட்டு வாங்கறவிங்களுக்குப் பச்சைப்பால் குடுக்கலாமுங்களா? குடுத்து உதவோணும்னு நீங்க சீட்டு எழுதி விட்டிருந்தீங்க. எங்கூட்டுல அந்தப் பழக்கம் இல்லீங்க. மத்தவிங்க எப்படிக் குடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் காச்சித்தான் குடுத்தேன்." கொஞ்சம் தயங்கினார். "நல்லா இல்லீங்களா?"

கொதித்த பாலில் எந்த எதிர்ப்பொருளும் உயிரோடு இருக்காது. முதலாம் ஆண்டுப் பாடம். ஏடு இல்லாத குழாய். வீட்டு வாசனை. எறும்பு. எல்லாவற்றையும் நானேதான் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

"இனி கேட்டாலும் குடுக்க முடியாதுங்க. சனிக்கிழமை சந்தைக்கு ஓட்டிட்டுப் போறாங்க."

"யாரை?"

"சிட்டுவத்தான். ஊசி புடிக்காத மாட்ட வெச்சிருந்தா நோவு வந்து மத்த உருப்படிக்கும் ஒட்டுமுன்னு இவுரு சொல்றாருங். நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க."

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திரும்பவில்லை.

பொங்கியண்ணனைத் தேடிப் போனேன். மடை திருப்பிக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, மாட்டில் ஒன்றுமில்லை என்றேன்.

மண்வெட்டியை ஊன்றி நின்றார். "போன மாசம் இல்லைன்னீங்க. இன்னைக்கு இருக்குதுன்னீங்க. ஏனுங்க, கண்ணால பாத்துச் சொல்றீங்களா, இல்ல எங்கூட்டுக்காரி அழுவறான்னு சொல்றீங்களா?"

மஞ்சள் வந்தாலும் அது உண்மையா ஒட்டலா என்று சொல்ல எனக்குக் கோடு இல்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்."

செம்பில் மீதியிருந்த பச்சைப் பாலை ஒரு குழாயில் வாங்கினேன். மயிலாத்தாள் அதைக் கொடுக்க மிகவும் சங்கடப்பட்டார். காய்ச்சிய குழாயையும் கையில் திணித்தார். "வழியில குடிங்க. மொகமே சரியில்ல."

பிப்ரவரி 22, புதன்

குடிக்கவில்லை.

நேற்று பேருந்தில் மடியில் இரண்டு குழாய்களும் இருந்தன. ஒன்று சூடு, ஒன்று இளஞ்சூடு. ஒரே மாடு. ஒரே காலை. ஒரே செம்பு. நடுவில் இருந்தது ஓர் அடுப்பு மட்டும்.

சுங்கச்சாவடி அருகே வண்டி நின்றபோது அந்த யோசனை வந்தது. சத்தமாக "அய்யோ" என்று சொல்லிவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எதிர்ப்பொருள் இல்லாத பாலை ஊர் ஊராகத் தேடினேன். ஊசியே பார்க்காத மாட்டைத் தேடினேன். அந்தப் பால் ஜனவரி 10 முதல் என் கையில் இருக்கிறது. ஒரு மாட்டின் பாலுக்கு வேறொரு மாட்டின் பால் எதற்கு? அதே பாலில் பாதியைக் கொதிக்கவைத்தால் போதும். அதுதான் அந்த மாட்டின் 'இல்லை'. அதன் ஒட்டல் அதனோடு.

இன்று தட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். சிட்டு, பச்சை: அடர்ந்த மஞ்சள். சிட்டு, காய்ச்சியது: தண்ணீர். உறையைக் கிழித்து மொத்த எதிர்ப்பொருள் கிட்டையும் ஓட்டினேன். காய்ச்சியதில் எதுவுமே இல்லை. கிட் வந்த அன்றே செய்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

மேடம் இரண்டு குழிகளையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சர்க்கரையுமா?"

"ஒரு சிட்டிகை மேடம்."

திரும்பி நின்றுகொண்டார். தோள் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி. "குறை இருக்கு. கொதிக்கவெச்சா வேற சில புரதமும் கெடும், ஒட்டறது கொஞ்சம் மாறும். அதையும் அளந்து எழுது. ஒரு மாட்ட வெச்சு யாரும் நம்பமாட்டாங்க. நாப்பதும் ஃபிரீசர்ல இருக்கில்ல?"

இருக்கிறது.

பிப்ரவரி 23, வியாழன்

முப்பத்தொன்பது குழாய்களிலும் பாதி பாதி. அர்ஷத் தன் ஆடுகளை விட்டுவிட்டு வந்து கொதிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டான். ஆய்வகம் முழுக்க டீக்கடை வாசனை. வராந்தாவில் போன இருவர் எட்டிப் பார்த்து டீ கேட்டார்கள்.

மூன்று மணிக்குத் தட்டு.

இரண்டு வரிசை. மேலே பச்சை, கீழே காய்ச்சியது. மேலே முப்பத்தேழு மஞ்சள். ஒவ்வொன்றின் கீழும் அதனதன் வெளுப்பு. மீதி இரண்டில், ஆறிலும் முப்பத்துமூன்றிலும், மேலும் கீழும் ஒரே நிறம். ஒரே மங்கல் மஞ்சள். அந்த மங்கலைத்தான் இத்தனை நாளும் 'உண்டு' என்று படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டிலும் என் சோதனை முதல்முறையாக 'இல்லை' என்றது.

சொல்லிவிட்டதா, உளறுகிறதா? சென்னியப்பனுக்கு போன்.

"ஆறாம் நம்பர், முப்பத்துமூணாம் நம்பர். இந்த ரெண்டுக்கும் ஊசி போட்டீங்களா?"

"ரெஜிஸ்டர்ல இருக்குதுங்களே."

"ரெஜிஸ்டர் என்கிட்டயும் இருக்கு. மாட்டுக்குப் போட்டீங்களா?"

போனில் பின்னால் ஒரு சேவல்.

"அது ரெண்டும் மார்கழியில வாங்குன மாடுங்க மேடம். ஊரு விட்டு ஊரு வந்தது, அங்கயும் ஊசி போடலீங்களாம். பழைய மாட்ட வித்துப்போட்டாங்க. நான் பழைய மாட்டுப் பேருலயே ஓட்டிட்டேன். போன சுத்துல போடலாமுன்னு போனப்ப ரெண்டும் சினைங்க, வேண்டாமுன்னுட்டாங்க." பிறகு: "பால்ல அதெல்லாம் தெரியுமுங்களா?"

தெரியும். தெரியும். தெரியும்.

பிப்ரவரி 24, வெள்ளி

காலை ஏழு மணிக்குப் பொங்கியண்ணனுக்கு போன்.

"உங்க மாட்டுப் பால அதே மாட்டுப் பாலோட ஒத்துப் பாத்தேங்க. சிட்டுவுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கு. நாப்பது மாட்டுல இவதான் முதல். கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்."

"முதலுங்களா?"

"உங்க கண்ணு முன்னாடி ஒரு ஊசி நானே போட்டேன், அதனாலயும் இருக்கும்."

அவர் போனை மூடாமலே யாரிடமோ சொன்னது கேட்டது: "புரோக்கருக்கு வேண்டாமுன்னு சொல்லிரு. நாப்பதுல முதலாமா." பிறகு மயிலாத்தாளின் குரல், தூரத்திலிருந்து, மாட்டிடமா என்னிடமா தெரியவில்லை: "அதான பாத்தேன்."

பிப்ரவரி 28, செவ்வாய்

குழு. ஐந்து பேர். வெளியிலிருந்து வந்த நிபுணர் இரண்டு வரிசைத் தட்டின் படத்தில் நிறுத்தச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரே பாலைக் கொதிக்கவெச்சு அதையே எதிர்மறை மாதிரியா வைக்கறது. இது எங்கருந்து எடுத்தீங்க?"

"எல்லக்காட்டுவலசுலருந்து சார்."

அது ஏதோ ஆய்வு நிலையம் என்று நினைத்துக் குறித்துக்கொண்டார். மேடம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைப்பில் 'பால்' இருக்கிறது. அப்படியே இருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஆறு, முப்பத்துமூன்று போல் இன்னும் உண்டா என்று வேறு நூறு மாடுகளில் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்பேன். ஆயிரம் பார்ப்பேன்.

செய்முறைப் பகுதியில் நான் எழுதியிருந்த வரி: 'பால் மாதிரியின் ஒரு பாதி கொதிநீரில் பத்து நிமிடம் வைக்கப்பட்டது. சர்க்கரை சேர்க்கப்படவில்லை.'

மேடம் இரண்டாவது வாக்கியத்தின் கீழ்ப் பென்சிலால் கோடு போட்டு, 'நீக்கு' என்று எழுதியிருந்தார். மாலையில் திரும்ப வந்தபோது பென்சில் அழிக்கப்பட்டிருந்தது.

மார்ச் 4, சனி

ஆறுக்கும் முப்பத்துமூன்றுக்கும் ஊசி போட்டேன். சினை மாட்டுக்கும் போடலாம் என்று எடுத்துச் சொன்னபின் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னியப்பன் மாட்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவரும் உட்கார்ந்தார். போகும்போது என் பையைப் பார்த்துக் கேட்டார்: "அந்த அட்ரினலினு ஒரு குப்பி எனக்குக் கிடைக்குமுங்களா? பைக்ல வெச்சுக்கறேன்."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

மயிலாத்தாள் வீட்டில் பால். காய்ச்சியது. சர்க்கரையோடு. டம்ளர் காலியாகும்வரை பக்கத்திலேயே நின்றார்.

மார்ச் 11, சனி

புதிய நூறு மாடுகளுக்கான ஊர்ப் பட்டியலை மேடம் கொடுத்தார். நாலாவது பெயர் நெட்டக்காடு.

"மாத்தணும்னா மாத்திக்கலாம்" என்றார்.

முதல் பேருந்து 5.40க்கு. பையில் நாற்பது குழாய், துண்டுச் சீட்டு. சீட்டில் 'காய்ச்ச வேண்டாம்' என்று சேர்த்திருக்கிறேன். அட்ரினலின் என் சட்டைப் பையில்.

மாடு விழுந்த அந்த வீடு கோயிலுக்குப் பின்னால், மூன்றாவது. கதவு நீல நிறம். இப்போது அவர்களிடம் மாடு இருக்கிறதா, புதிதாக வாங்கினார்களா, தெரியாது. என்னை அடையாளம் தெரியுமா, தெரியாது. பால் கேட்பது பிறகு.

முதலில் தண்ணீர் கேட்பேன்.